பென்ஷன் இல்லை, எந்த அட்டைக்கு விண்ணப்பிப்பது?

ஆஸ்திரேலியாவில் 67 வயதைத் தாண்டியும் முதியோர் பென்ஷன் கிடைக்காதவர்களில் இரண்டு வகையினரை அதிகம் பார்க்கலாம். சொத்து வரம்பைத் தாண்டியவர்கள் ஒரு வகை. வசித்த காலம் பத்து ஆண்டுகளை எட்டாதவர்கள் இன்னொரு வகை. பிள்ளைகளோடு இருக்கப் பெற்றோர் விசாவில் வந்து நிரந்தர வதிவுரிமை பெற்ற தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த இரண்டாம் வகை. இரு சாராருக்கும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "காமன்வெல்த் சீனியர்ஸ் ஹெல்த் கார்டுக்குப் போடுங்கள்." மருந்துச் செலவைக் குறைக்க மத்திய அரசு தரும் சலுகை அட்டை அது. முதல் வகையினருக்கு அது சரி. இரண்டாம் வகையினர், அதிலும் விக்டோரியாவில் இருப்பவர்கள், கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

சீனியர்ஸ் ஹெல்த் கார்டுக்குச் சொத்துக் கணக்கே கிடையாது. கோடி பெறும் வீடுகள் இரண்டு இருந்தாலும் அவற்றின் மதிப்பை யாரும் கேட்பதில்லை. வருமானம் மட்டும் பார்க்கப்படும். 2025 செப்டம்பர் 20 முதல் அந்த வரம்பு தனி நபருக்கு ஆண்டுக்கு 1,01,105 டாலர், தம்பதிக்கு 1,61,768 டாலர். ஓய்வூதிய நிதியிலிருந்து மாதாமாதம் எடுப்பவர்களுக்கு, அந்த நிதி இவ்வளவு ஈட்டும் என்று அரசே ஊகித்து ஒரு தொகையைச் சேர்க்கும். அதற்குப் பிறகும் வரம்பு தாராளமானதுதான். நல்ல வசதியுள்ளவர்களும் இந்த அட்டையை வைத்திருப்பதில் வியப்பில்லை.

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான லோ இன்கம் ஹெல்த் கேர் கார்ட் (சுருக்கமாக ஹெல்த் கேர் கார்ட்) இதற்கு நேர் எதிர். இதற்கும் சொத்து வரம்பு இல்லை, ஆனால் வருமான வரம்பு மிகக் குறைவு. தனி நபருக்கு வாரத்துக்குச் சில நூறு டாலர்தான். விண்ணப்பத்துக்கு முந்தைய எட்டு வாரச் சராசரியைப் பார்ப்பார்கள். ஊரிலிருந்து வரும் ஓய்வூதியம், வாடகை, வங்கி வைப்பு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தலைவலி வேறு. புதிதாகக் குடியேறியவர்களுக்கு இரண்டு அட்டைகளுக்குமே நான்கு ஆண்டுக் காத்திருப்பு உண்டு. பென்ஷனுக்கான பத்து ஆண்டோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை.

மருந்துக் கடையில் இரண்டும் சமம். அரசு மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு 2026 ஜனவரி முதல் மற்றவர்கள் 25 டாலர் வரை கொடுக்க, அட்டை உள்ளவர் 7.70 டாலர் கொடுக்கிறார். ஆண்டுக்குள் 277.20 டாலர், அதாவது 36 மருந்துச் சீட்டுகள் ஆனதும் மீதி இலவசம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று மாதம் ஐந்து சீட்டு வாங்குபவருக்கு ஒவ்வொன்றும் 25 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,500 டாலர் ஆகும். அட்டை இருந்தால் 277.20 டாலரோடு முடிந்துவிடும். விலை மலிவான மருந்துகளில் இவ்வளவு வித்தியாசம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வித்தியாசம் மருந்துக் கடைக்கு வெளியேதான் தொடங்குகிறது. விக்டோரியாவில் ஹெல்த் கேர் கார்ட் வைத்திருப்பவருக்கு அவசர ஆம்புலன்ஸ் இலவசம். மின் கட்டணத்தில் 17.5 சதவீதச் சலுகையும் உண்டு. சீனியர்ஸ் ஹெல்த் கார்டுக்கு இவை இரண்டுமே இல்லை. பெயரில் 'சீனியர்ஸ்' இருப்பதால் எல்லாம் அடங்கியிருக்கும் என்று நம்பி, ஆம்புலன்ஸ் சந்தாவும் கட்டாமல் இருப்பவர்களின் கைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் பில் வந்து சேரும். நியூ சவுத் வேல்ஸில் நிலைமை வேறு: அங்கே சீனியர்ஸ் ஹெல்த் கார்ட் இருந்தாலும் ஆம்புலன்ஸ் கட்டணம் இல்லை. குயின்ஸ்லாந்தில் குடியிருப்பவர் எவருக்கும் ஆம்புலன்ஸ் கட்டணமே கிடையாது. ஆகவே மெல்போர்ன் உறவினர் சொன்னதைச் சிட்னியிலோ சிட்னி நண்பர் சொன்னதை மெல்போர்னிலோ அப்படியே பின்பற்றினால் வம்புதான்.

விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநில அரசுகள் 60 வயதிலேயே தரும் 'சீனியர்ஸ் கார்ட்' முற்றிலும் வேறு சங்கதி. அது பஸ், ரயில் கட்டணத்துக்கும் கடைத் தள்ளுபடிக்கும் உதவும். மருந்து விலையைக் குறைக்காது. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு மருந்துக் கடையில் இதை நீட்டுபவர்கள் உண்டு.

பென்ஷன் பெறுபவர்களுக்குக் கிடைக்கும் பென்ஷனர் கன்செஷன் கார்ட் எல்லாவற்றிலும் மேலானது. காது கேட்கும் கருவிக்கான அரசுத் திட்டம்கூட அதில் சேரும், மற்ற இரண்டில் சேராது. பென்ஷன் மிகச் சிறு தொகையாக வந்தாலும் அந்த அட்டை கைக்கு வரும். சொத்து வரம்புக்கு ஒட்டி நிற்பவர்கள் "அற்பத் தொகைதானே" என்று விண்ணப்பிக்காமல் விடுவது வீண் பெருமை.

சீனியர்ஸ் ஹெல்த் கார்டு தெளிவாக முந்தும் இடம் வெளிநாட்டுப் பயணம். ஆறு வாரத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஹெல்த் கேர் கார்ட் போய்விடும். சீனியர்ஸ் ஹெல்த் கார்ட் 19 வாரம் தாங்கும். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போய்ப் பங்குனியில் திரும்புகிறவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கும் இது சிறிய விஷயமல்ல. அப்படிப் போகிறவர்கள் விக்டோரியாவாசிகளாக இருந்தால், சீனியர்ஸ் ஹெல்த் கார்டோடு மாநில ஆம்புலன்ஸ் சேவையான ஆம்புலன்ஸ் விக்டோரியாவின் சந்தாவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். வருமானம் குறைவாகவும் பயணம் அரிதாகவும் உள்ளவர்கள் முதலில் லோ இன்கம் கார்டுக்கு விண்ணப்பிப்பதே என் கணக்கில் லாபம்.