லீக் ஸ்டீரியோ 20: ஏழு வருடமும் நாலு ரெசிஸ்டரும்

டன்பிரிட்ஜில் நடக்கும் பழைய ஆடியோ சாமான் சந்தையில் இந்த லீக் ஸ்டீரியோ 20 ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) வாங்கி ஏழு வருடம் ஆகிறது. லண்டன் திரும்பும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் மூன்றும் சேர்ந்து தொடையை மரத்துப்போக வைத்துவிட்டன. விற்றவர் "நன்றாக வேலை செய்கிறது" என்றார். வேலை செய்தது உண்மைதான், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை.

தெரியாதவர்களுக்கு: இது 1958-இல் ஹெரால்ட் லீக்கின் லண்டன் கம்பெனி வெளியிட்ட வால்வு (சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப். சேனலுக்கு இரண்டாக நாலு ஈஎல் 84 வால்வு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு ஜிசெட் 34. பக்கத்துக்குப் பத்து, பதினொரு வாட் வரும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஆம்ப்பே ஐம்பது, அறுபது என்று போட்டுக்கொள்ளும் காலத்தில் பதினொரு வாட் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ரிப்பேர் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முதல் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு வால்வு ஒளியை ரசித்துக்கொண்டிருந்தபோது, இடது பக்க ஈஎல் 84 ஒன்றின் உள்தகடு அடுப்புக் கம்பி மாதிரி சிவந்தது. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். டிசியைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் விட வேண்டிய அறுபது வருடப் பழைய கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, வால்வின் கிரிட்டில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையில்) இருக்கக் கூடாத பாசிட்டிவ் வோல்டேஜை ஏற்றியிருந்தது. கப்ளிங் கெப்பாசிட்டர், எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் வயரை யாரோ வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள், ஹம் (மின்சார ரீங்காரம்) குறைவதற்காக. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் சாதனத்தில் எர்த்தை வெட்டுகிறவரிடம் என்ன சொல்ல? நீங்கள் பழைய ஆம்ப் வாங்கினால் பாட்டுக் கேட்பதற்கு முன் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்து சிக்னல் கொடுத்தும் பார்க்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ப்ரீஆம்ப் (பிளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே சிக்னலைப் பெருக்கி வால்யூமைக் கட்டுப்படுத்தும் பெட்டி) விஷயத்துக்கு வருகிறேன். என் காசும் இரண்டு வருடமும் போனது இங்கேதான்.

வால்வு ஆம்ப்புக்கு வால்வு ப்ரீஆம்ப்தான் ஜோடி என்று நினைத்து, சின்ன நிறுவனம் ஒன்றின் புது ப்ரீஆம்ப்பை வாங்கினேன். பார்க்க அழகு, சிக்னலைப் பத்து மடங்காக்கும். இணைத்ததும் தலைவலி ஆரம்பித்தது. வால்யூம் குமிழை ஏழு மணி நிலையிலிருந்து எட்டுக்கு நகர்த்தினால் வீடு அதிரும். ஏழரையில் வைத்தால் வலது பக்கம் மட்டும் பாடும், இடது ஊமை. சாதாரண வால்யூம் குமிழ் தொடக்கத்தில் இரண்டு பக்கத்தையும் சமமாகத் திறப்பதில்லை. பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் 'உஸ்' என்று ஒரே இரைச்சல். ப்ரீஆம்ப் வால்வு மோசம் என்று நினைத்து மூன்று ஜோடி மாற்றினேன். விலை உயர உயர இரைச்சலும் கொஞ்சம் தரமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

ஹாரோவில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார். ஊரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். குமிழை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட பிரச்சினை சத்தம் காணாம இல்லை, கூடிப்போச்சு" என்றார். தேநீர் வரும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு காகிதத்தில் இரண்டு எண்ணை எழுதினார்: 2 வோல்ட், 0.125 வோல்ட்.

முதலாவது, ஒரு சிடி பிளேயர் தருவது. இரண்டாவது, ஸ்டீரியோ 20 தன் முழு சக்தியையும் கொட்ட உள்ளே வாங்க வேண்டியது. வெறும் 125 மில்லிவோல்ட்! லீக் தன்னுடைய பாயின்ட் ஒன் ஸ்டீரியோ ப்ரீஆம்ப்புடன் சேர்ந்து ஓடத்தான் இதைச் செய்தது, அந்த ப்ரீஆம்ப் கொடுப்பதே அவ்வளவுதான். அதாவது என் சிடி பிளேயரே தேவையைப் போல் பதினாறு மடங்கு கொடுக்கிறது. அதை நான் இன்னொரு பத்து மடங்காக்க ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். சொம்பில் தண்ணீர் பிடிக்கத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட கதை.

சரி, ப்ரீஆம்ப்பே வேண்டாம் என்று, பெருக்கம் எதுவும் இல்லாமல் 100 கிலோ ஓம் வால்யூம் மட்டும் உள்ள பெட்டிக்கு மாறினேன். இரைச்சல் காணாமல் போனது. ஆனால் ஒரு வாரத்தில் தம்புராவின் மேல் ஒலியில் உயிரைக் காணோம். ஜீவா நூல் எழுப்புகிற அந்த மினுமினுப்பு மங்கி, சுருதிப் பெட்டி மாதிரி தட்டையாகக் கேட்டது. காரணம் என் ஐந்து மீட்டர் கேபிள். இந்த மாதிரிப் பெட்டி நடு நிலையில் 25 கிலோ ஓம் வரை இம்பிடன்ஸ் (சிக்னலுக்குத் தடை) காட்டும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் என்று வைத்தாலும், இரண்டும் சேர்ந்து 13 கிலோ ஹெர்ட்ஸ் அருகிலேயே மேல் ஒலியை இறக்கிவிடும். ஒரு மீட்டர் கேபிளாக இருந்திருந்தால் இந்தப் பெட்டியோடு நிம்மதியாக இருந்திருப்பேன். என் வீட்டில் சிடி பிளேயர் அந்த மூலையில், ஆம்ப் இந்த மூலையில். ஆம்ப்பை நகர்த்துவதற்கு மனைவியின் அனுமதி கிடைக்கவில்லை.

மறுபடி ஐயா. பழைய வால்வு ப்ரீஆம்ப்பையே வையும், ஆம்ப் வாசலில் சிக்னலைக் குறையும் என்றார். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர்: 22 கிலோ ஓம் தொடரில், 2.2 கிலோ ஓம் எர்த்துக்கு. பதினொன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும். வீட்டில் இருந்ததை வைத்து நானே பற்றவைத்தேன். குமிழ் பதினோரு மணிக்கு வந்தது, இரைச்சல் போனது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் பாதியாகிவிட்டது. கும்கி 'கூம்' என்று எழாமல் 'டப்' என்று முடிந்தது. இந்தத் தடவை ஐயாவைக் கூப்பிட வெட்கமாக இருந்ததால் நானே திறந்து பார்த்தேன். ப்ரீஆம்ப்பின் கடைசிக் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோ ஃபாரட். அதற்குப் பின்னால் 24 கிலோ ஓம் சுமையை வைத்தால் 66 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். ரெசிஸ்டர்களை 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று மாற்றினேன். பங்கு அதே பதினொன்றில் ஒன்றுதான், ஆனால் சரிவு 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது. கும்கி திரும்பி வந்தது.

இதன் நல்ல விஷயம், குறைப்பு ஆம்ப் வாசலில் நடப்பதால் ப்ரீஆம்ப்பின் இரைச்சலும் கேபிளில் ஏறும் ஹம்மும்கூடப் பதினொன்றில் ஒரு பங்காகின்றன. எர்த்தை வெட்டியவருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது முழு ஓட்டத்துக்கு என் ஆம்ப் கேட்பது சுமார் 1.4 வோல்ட். அதே காலத்து குவாட் 2 ஆம்ப் கேட்பதும் அதுதான், இன்றைய ப்ரீஆம்ப் எதுவும் அதோடு ஒத்துப்போகும். நாலு ரெசிஸ்டருக்கு ஒரு பவுண்ட்கூட ஆகவில்லை. ப்ரீஆம்ப் வால்வுக்கு நான் செலவழித்ததை இங்கே எழுத மாட்டேன், மனைவியும் இதைப் படிப்பார்.

ஸ்பீக்கரில் இவ்வளவு அலையவில்லை, கணக்கு முன்னமே புரிந்துவிட்டதால். என்னிடம் இருந்தது 85 டெசிபெல் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) புத்தக அலமாரி ஸ்பீக்கர். ஆறு ஓம் என்று எழுதியிருக்கும், சில இடங்களில் மூன்றுக்கு இறங்கும். ஸ்டீரியோ 20-இல் 4, 8, 16 ஓம் இணைப்புகள் உண்டு. 4-இல் போட்டால்தான் கொஞ்சம் கட்டுப்பாட்டோடு பாடியது. தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும் இடத்தில் மூச்சு வாங்கும். நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய 15 ஓம் எல்எஸ்3/5ஏ (பிபிசி வடிவமைத்த சின்ன ஸ்பீக்கர்), 16 ஓம் இணைப்பில் அச்சாகப் பொருந்தியது. குரலுக்கு அதை அடித்துக்கொள்ள முடியாது. எம்.எஸ். கச்சேரியில் அவர் ஸ்வரத்துக்கு முன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஆனால் அதுவும் சக்தியைக் குடிக்கிற ஜாதி. நாதஸ்வரமும் தவிலும் வந்தால் வாய் பிளந்துவிடும்.

85 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 93 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் இடையில் சக்தியில் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த இரண்டாவது வகையில் பதினொரு வாட் போட்டால், முதல் வகைக்கு எழுபது வாட் போட்ட மாதிரி. அதனால் கடைசியில் லங்காஸ்டர் பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு அங்குல டேனாய் மானிட்டர் கோல்ட் ஸ்பீக்கர் ஜோடிக்குப் போனேன். 8 ஓம், இருவழி, மேல் ஒலியும் கீழ் ஒலியும் ஒரே அச்சிலிருந்து வரும். பெட்டி அலமாரி அளவுக்கு இருக்கிறது, சமையலறைக் கதவு இப்போது முக்கால்தான் திறக்கும். ஆனால் தவில் தவிலாகக் கேட்கிறது. ஒரு குறை: இந்த மாதிரி ஸ்பீக்கர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அலமாரி ஸ்பீக்கரில் கேட்காத ஹம் இதில் கேட்டது. ப்ரீஆம்ப்பையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகி, கேபிளை மெயின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒதுக்கிய பிறகு, கூம்பில் காதை வைத்தால்தான் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஏழு வருடத்தில் ஈஎல் 84 நாலையும் ஒருமுறை மாற்றினேன். ஜிசெட் 34 பழைய முல்லார்டு கம்பெனி வால்வுதான், பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்தது, இன்னும் அசையாமல் இருக்கிறது. குளிர்காலத்தில் பூனை ஆம்ப் பக்கத்திலேயே தூங்கும். ஜூலையில் யாரும் பக்கத்தில் போவதில்லை.

போன தடவை டன்பிரிட்ஜ் சந்தையில் ஒரு மேசையில் பாயின்ட் ஒன் ஸ்டீரியோ ப்ரீஆம்ப் இருந்தது. குமிழ் எல்லாம் ஒழுங்காக, கேபிளோடு. எனக்கு இனி அது தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேசையில் அது இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக இருந்தது.