மாதத்துக்கு ஒரு மாதம்: புதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ வாசிப்பு அனுபவம்

மார்வெலின் புதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸ் தொகுப்புகளை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2024 ஜனவரியில் முதல் இதழ் வந்ததிலிருந்து மாதந்தோறும் தொடரைப் பின்தொடர்ந்தவன் என்பதால், ஒரே வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஜொனாதன் ஹிக்மன் எழுதி, மார்கோ செக்கெட்டோ வரைந்த தொடர் இது என்பதும், ‘மேக்கர்’ என்ற வில்லன் நாயகர்களை உருவாகவே விடாமல் தடுத்துவிட்ட உலகில் கதை நடக்கிறது என்பதும் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன் அல்ல. தாடி வைத்த, முப்பதுகளில் இருக்கும் குடும்பஸ்தன். மேரி ஜேன் மனைவி. ரிச்சர்ட், மே என்று இரண்டு பிள்ளைகள். மூலத் தொடரில் 1987இல் இந்த இருவருக்கும் நடத்தி வைத்த திருமணத்தை 2007இல் தொடங்கிய ஒரு கதை வழியாக மார்வெல் இல்லாமலேயே ஆக்கியது. அந்த வருத்தம் இன்னும் ஆறாத என் போன்ற வாசகர்களுக்கு, பீட்டரும் மேரி ஜேனும் சமையலறையில் நின்று சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பக்கங்களே பெரிய ஆறுதல். மகள் சொல்லித்தான் ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை சிவப்பும் நீலமுமாக மாறுகிறது. வழக்கமான கதையில் கொல்லப்படும் சித்தப்பா பென் இங்கே உயிரோடு இருக்கிறார் என்பது இன்னொரு மகிழ்ச்சி. தான் வேலை பார்க்கும் பத்திரிகை கிங்பின் என்ற குற்ற உலகத் தலைவனின் கைக்குப் போனதும், பென்னும் சக பத்திரிகையாளர் ஜேம்சனும் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஒன்றைத் தொடங்கும் பகுதியில், அந்த இரண்டு முதியவர்களின் பேச்சு எந்தச் சண்டைக் காட்சியையும் விடச் சுவையாக இருந்தது. நான்காம் இதழ் ஏறக்குறைய முழுவதுமே பீட்டர், மேரி ஜேன், ஹாரி, அவன் மனைவி குவென் ஆகிய நால்வரும் இரவு உணவு மேசையில் பேசிக்கொண்டிருப்பதுதான். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இத்தனை துணிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு குறை என்னை இதழுக்கு இதழ் உறுத்தியது. அடைபட்டுக் கிடக்கும் மேக்கர் திரும்பி வரும் நாள் நெருங்கிக்கொண்டே இருக்கிறது என்ற நெருக்கடியை உணர்த்துவதற்காக, இங்கு கதைக் காலமும் நம் காலமும் சேர்ந்தே நகர்கின்றன; ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே கதையிலும் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. கேட்பதற்கு அருமையான ஏற்பாடு. முதல் இதழின் முடிவில் பீட்டர் தனக்குச் சக்தி தரப்போகும் சிலந்தியைத் தெரிந்தே கடிக்க விடுகிறான். தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த மனிதன் எடுக்கும் முடிவு அது. அடுத்த நாள் காலையில் அவன் உடம்பு என்ன ஆனது, பிள்ளைகள் முன் எப்படி நடந்துகொண்டான் என்று அறியத் துடிக்கும் நமக்கு, இரண்டாம் இதழ் அந்த நாட்களைத் தாண்டிச் சென்ற பிறகே கதவைத் திறக்கிறது. 1962இல் ஸ்பைடர்மேனை உருவாக்கிய ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கங்களில் முடித்த தோற்றக் கதையை, 2000ஆம் ஆண்டின் பழைய ‘அல்டிமேட்’ தொடர் இதழ் இதழாக விரித்து, பீட்டரின் ஒவ்வொரு தடுமாற்றத்தையும் நின்று பார்த்தது. அந்தப் பொறுமை இங்கே உரையாடலுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது, நிகழ்வுகளுக்கு வாய்க்கவில்லை. எதிரியோடு மோதல் சூடுபிடிக்கும் நேரத்தில் இதழ் முடிந்துவிடும். அடுத்ததில் அதன் விளைவை யாரோ ஒருவர் நாற்காலியில் அமர்ந்து விவரிப்பார்.

மாதாமாதம் வாங்கியபோது இதை ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் எனக்கும் உண்மையிலேயே ஒரு மாதம் கழிந்திருந்தது. பீட்டர் வீட்டுக்கு இடைவெளி விட்டுப் போய் வரும் உறவினரைப் போல, நடுவில் நடந்ததை ஊகித்துக்கொண்டேன். அண்மையில் முதல் ஆறு இதழ்கள் அடங்கிய தொகுப்பை ஒரே மூச்சில் மீண்டும் வாசித்தபோது அந்த இடைவெளிகள் வெறும் பள்ளங்களாகத் தெரிந்தன. பக்கத்தைப் புரட்டினால் ஒரு மாதம் காணாமல் போகிறது, மனம் அதற்குத் தயாராவதற்குள் அடுத்த உரையாடல் தொடங்கிவிடுகிறது. மாதந்தோறும் தனி இதழ் வாங்குபவருக்காகவே வடிவமைத்த கதையை, புத்தகமாக வாங்குபவர் குறைபட்ட நிலையில்தான் பெறுகிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓவியத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. செக்கெட்டோ வரையாத இதழ்களை டேவிட் மெஸ்ஸினா கௌரவமாகவே தாங்கியிருக்கிறார். மேத்யூ வில்சனின் வண்ணங்கள் இருவரின் கோடுகளையும் ஒரே உலகமாக இணைத்து வைக்கின்றன.

நண்பருக்கு என் பதில் இதுதான். முதல் தொகுப்பை வாங்குங்கள். ஆனால் ஓர் இரவில் ஓர் இதழுக்கு மேல் வாசிக்காதீர்கள். இரண்டாம் தொகுப்பை, பென்னும் ஜேம்சனும் வரும் மிகச் சிறந்த பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன என்றாலும், இப்போதைக்கு வாங்க வேண்டாம். தவறவிட்ட அந்த மாதங்களில் நடந்ததை நிரப்பி ஹிக்மன் என்றாவது ஒரு சிறப்பிதழ் எழுதினால், முதல் ஆளாக நானே வாங்கி உங்களுக்கு அனுப்புகிறேன்.