இரையாத விசிறியும் கொக்குவில் கராஜும்

எனது டீசல் பிக்கப்பின் வெப்பமானி முள் இந்தச் சோளகக் காலம் முழுவதும் என்னை அலைக்கழித்தது. வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஏசியையும் போட்டபடி சுன்னாகம் சந்தையடியில் ஊர்ந்து போகும்போது முள் பாதிக்கு மேல் ஏறும். ஏ9 வீதியில் வேகம் பிடித்து ஆனையிறவை நெருங்கும்போது தானாகவே இறங்கிவிடும். முதலில் காட்டிய இடத்தில் வாகனத்தை ஓட்டிப் பார்க்காமலே றேடியேற்றரை மாற்றச் சொன்னார்கள். மனம் ஒப்பாமல், கொக்குவிலில் காங்கேசன்துறை வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் சிறிய கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

அங்குள்ள மெக்கானிக் பொனற்றைத் திறக்கும் முன்பே, “விடிய ஸ்டார்ட் பண்ணேக்கை ஒரு இரைச்சல் வந்து அடங்குறதோ, அண்ணை?” என்று கேட்டார். சில மாதங்களாக அந்த இரைச்சல் இல்லை என்றும், எஞ்சின் அமைதியாகிவிட்டதென்று மகிழ்ந்திருந்தேன் என்றும் சொன்னேன். ஏசி போட்டால் முன்னால் விசிறி சுற்றுவதைக் கண்ணால் கண்டிருந்ததால், விசிறியில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அது ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கான மின்விசிறி என்பதும், றேடியேற்றருக்குப் பின்னால் எஞ்சினோடு சுற்றும் பெரிய விசிறி வேறு என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின.

அந்தப் பெரிய விசிறியின் நடுவில், அதை எஞ்சினோடு பிணைக்கும் ஃபான் கிளச்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் உண்டு. றேடியேற்றரைக் கடந்து வரும் காற்று சூடானதும், கிளச்சின் முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் முறுகி உள்வால்வைத் திறக்க, எண்ணெய் பரவிப் பிடித்துக்கொண்டு விசிறியை வேகமாகச் சுற்றவைக்கிறது. சூடு தணிந்ததும் பிடி தளர்கிறது. சுருள் உணர்வது காற்றின் சூட்டையே, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்டின் சூட்டை அல்ல என்பதால், முள் சற்று ஏறிய பின்னர்தான் இரைச்சல் தொடங்கும். இரவில் உள்ளே தேங்கிய எண்ணெய் விலகும் வரை காலையிலும் சிறிது நேரம் இரையும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதுமானதால், ஏ9 வீதியில் என் வாகனத்தின் குறை வெளித்தெரியவில்லை. றேடியேற்றர் அடைத்திருந்தால் பாரத்தோடு வேகமாக ஓடும்போதும் முள் ஏறியிருக்கும் என்று அவர் சொன்ன காரணம் என்னை முழுமையாக நம்பவைத்தது.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே அவர் விசிறியில் கைவைத்தார். சூட்டில் இறுக்கமாக இருக்கவேண்டிய அது, ஒரு தட்டுக்குப் பல சுற்றுச் சுற்றியது. கிளச்சைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்ததையும் காட்டினார். கூலன்ட் தாங்கியில் படிந்திருந்த வெள்ளைப் படிவு நான் ஊற்றிவந்த கிணற்று நீரின் சுண்ணாம்பு; அதையும் கழுவி, கலந்தே விற்கும் கூலன்டை நிரப்பினார். புதிய கிளச் போட்ட பிறகு, அதே சந்தையடியில் அதே பாரத்தோடு விசிறி உரத்து இரைந்து அடங்குகிறது, முள் பாதியைத் தாண்டுவதில்லை.

குறை என்றால், கிளச் கொழும்பிலிருந்து வரும்வரை 3 நாட்கள் வாகனம் அங்கேயே நின்றது; அதை முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு ஒழுங்கு செய்திருப்பேன். உள்ளே 2 வாகனங்களுக்கு மேல் நிறுத்த இடமில்லை என்பதால், முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது.