பிஜிஎம்ஐக்கு ‘90 எஃப்பிஎஸ் ஃபைல்’ விற்கிறார்களா? காசு அனுப்பாதீர்கள்

பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேமுக்கு டெலிகிராமில் ‘90 எஃப்பிஎஸ் அன்லாக்’ (நொடிக்கு 90 பிரேம், அதாவது 90 படம், ஓடும்படி திறந்துவிடுவது), ‘ஜீரோ பிங்’ (சர்வருக்குத் தகவல் போய்வரத் தாமதமே இல்லாதது), ‘அடுத்த அப்டேட் முன்கூட்டியே’ என்றெல்லாம் சொல்லிக் காசு வாங்கும் ஒரு கும்பலிடம் எங்கள் ஸ்குவாட், அதாவது சேர்ந்து ஆடும் நண்பர்கள், மாட்டியது. என் பணம் போனது. ஸ்குவாடில் இன்னொருவனுக்குப் பணத்தோடு கேம் ஐடியும் போனது. அந்த டெலிகிராம் குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. அடிக்கடி பெயரை மாற்றுகிறார்கள், எழுதினாலும் பயன் இல்லை. ஆனால் ஏமாற்றும் முறை மாறுவதில்லை, அதைச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் எதையும் விற்பதில்லை. செய்தி மட்டும் போடுகிறார்கள். அடுத்த அப்டேட்டில் என்ன தீம், புதுத் துப்பாக்கி எது, எரங்கல் மேப்பில் எந்த இடம் மாறுகிறது, எந்தெந்த போனுக்கு 90 வரும், 120 வரும் என்று படத்தோடு வரும். அப்டேட் வந்த பிறகு பார்த்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். “மச்சி, இவனுக்கு கம்பெனிக்குள்ள ஆள் இருக்குடா” என்று எங்கள் பையன்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிஜிஎம்ஐ என்பது பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையான பிறகு, 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று வெளியிட்டது. வெளிநாட்டில் ஓடும் பப்ஜி மொபைலுக்கு அப்டேட் வருவதற்கு முன்பே சோதனைப் பதிப்பு வெளியாகிவிடும். அதை ஆடிப் பார்த்து வீடியோ போட உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே வருவதில் பெரும்பகுதி இங்கேயும் வரும். அதை எடுத்துத் தமிழில் போடுவதற்கு யூடியூப் பார்க்கத் தெரிந்தால் போதும். இலவசச் செய்தியில் சேர்த்த அந்த நம்பிக்கையைத்தான் அப்புறம் காசாக்குகிறார்கள்.

என்னுடையது சாதாரண பட்ஜெட் போன். கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வைத்தால் பிரேம் ரேட் ‘எக்ஸ்ட்ரீம்’ வரை திறக்கும், அதாவது 60. அதற்கு மேலே உள்ள 90 என் செட்டிங்கில் வராது. 60ல் ஒரு பிரேம் 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும், 90ல் 11.1, 120ல் 8.3. நேருக்கு நேர் சண்டையில் இந்த வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. (தோற்றதற்கெல்லாம் இதையே காரணம் சொல்கிறோம் என்பது வேறு கதை.)

குழுவில் இதைப் பற்றிக் கேட்டதும் தனி மெசேஜ் வந்தது. “ப்ரோ, உங்க மாடல் சொல்லுங்க. அதுக்குன்னு ஸ்பெஷல் ஃபைல் இருக்கு. 499 தான், லைஃப்டைம். பேன் ஆகாது, நான் கேரண்டி.” யுபிஐயில் அனுப்பினேன். ஒரு ஜிப் ஃபைலும், எஃப்பிஎஸ் மீட்டர் என்று ஒரு ஏபிகேயும் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாகப் போடும் ஆப் ஃபைல்) வந்தன. ஃபைலை எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று வாய்ஸ் நோட்டில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பொறுமையைக் குறை சொல்ல முடியாது.

ஃபைல் போட்டுத் திறந்தால் செட்டிங்கில் 90 தெரிந்தது. ஏபிகேயை ஓட்டியதும் திரையின் இடது மூலையில் பச்சை எழுத்தில் 90, 89, 90, 90, 89. பையன்கள் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள், அனுப்பினேன். ஆனால் ஆடும்போது கைக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. ஸ்கோப் போட்டுத் திரும்பினால் அதே பழைய இழுவை. போன் மட்டும் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. சரி என்று கேமை மூடிவிட்டு வாட்ஸ்அப் திறந்தேன். மூலையில் அந்தப் பச்சை எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 90, 89, 90. கேலரியில் அசையாத ஒரு போட்டோவைத் திறந்து வைத்தேன். அதற்கும் 89.

அப்புறம்தான் டெவலப்பர் ஆப்ஷனுக்குப் போய் ‘ஷோ ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ஆன் செய்தேன். ஆண்ட்ராய்டே திரையின் உண்மையான வேகத்தைக் காட்டும் இடம் அது. அதில் 60. ஒரே திரையில் அவன் விற்ற 90ம் போன் சொல்லும் 60ம் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்த ஏபிகே எதையும் அளக்கவே இல்லை, 89, 90 என்று மாற்றி மாற்றி எழுதும் ஒரு பொம்மை.

நடப்பது இதுதான். எந்த போனுக்கு எவ்வளவு பிரேம் ரேட் திறக்கலாம் என்பதை கேம் போனின் மாடலைப் பார்த்து முடிவு செய்கிறது. இந்த மாதிரி ஃபைல்கள் மாடல் பெயரை விலை உயர்ந்த ஏதோ ஒரு போன் என்று பொய் சொல்கின்றன, அல்லது சேமித்து வைத்திருக்கும் செட்டிங்கைத் திருத்துகின்றன. கேமும் நம்பி 90 என்ற பட்டனைக் காட்டும். ஆனால் என் போனின் டிஸ்ப்ளே 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 தடவைக்கு மேல் அதனால் படம் வரைய முடியாது. பிராசஸர் கஷ்டப்பட்டு 90 பிரேம் தயாரித்தாலும் மிச்சம் 30 வீண்தான். அந்தச் சூட்டில் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும், கடைசியில் 60 கூட நிலையாக வராது. என் போனில் கடைசி ஜோனில், அதாவது ஆட்டம் முடியும் நேரத்தில், 40க்குக் கீழே போனது. இதற்கு மேல், கேம் ஃபைலில் கை வைப்பது கிராஃப்டனின் விதிகளுக்கே விரோதம். ஹேக் போட்டவர்களின் ஐடியைத் தடை செய்யும் கேம் இது. “பேன் ஆகாது” என்று ஒரு டெலிகிராம் ஆள் கேரண்டி கொடுப்பதற்கு என்ன மதிப்பு?

இரண்டு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வந்த பதில்: “ப்ரோ, உங்க பிராசஸர் ஓல்டு. அடுத்த அப்டேட்ல 120 எல்லா போனுக்கும் வருது, ஆனா வைட்லிஸ்ட் பண்ண ஐடிக்கு மட்டும்தான். 1,500. உங்களுக்காக பழைய 499ஐக் கழிச்சுக்கறேன்.” நான் திட்டிவிட்டு வந்துவிட்டேன், உடனே பிளாக் செய்துவிட்டான். அதற்குள் ஸ்குவாடில் இன்னொருவன் அந்த 1,500ஐக் கட்டியிருந்தான்.

ஐடியை வைட்லிஸ்ட் செய்வது, அதாவது தனிப் பட்டியலில் சேர்த்துத் திறந்துவிடுவது, என்று ஒன்று கிடையாது. 2020 ஆகஸ்டில் பப்ஜி மொபைலுக்கு 90 எஃப்பிஎஸ் வந்தபோது முதலில் ஒன்பிளஸ் போன்களுக்கு மட்டும்தான் வந்தது. 2024ல் 120 வந்தபோதும் குறிப்பிட்ட சில மாடல்களுக்குத்தான். ஒவ்வொரு அப்டேட்டிலும் போன் மாடல்களின் பட்டியல் நீளும். உங்கள் ஐடி எதுவாக இருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. உங்கள் மாடல் பட்டியலில் வந்துவிட்டால் கேமை அப்டேட் செய்ததும் பட்டன் தானாகத் தெரியும், பைசா செலவில்லை.

1,500 கட்டியவனுக்கு நடந்தது இன்னும் மோசம். ‘வைட்லிஸ்ட்’ பண்ணுவதற்கு கேரக்டர் ஐடியும், ஐடியோடு இணைத்திருந்த மெயில் முகவரியும் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறான். கூடவே ஒரு ‘வெரிஃபை ஆப்’. மறுநாள் காலையில் ஐடி உள்ளே போகவில்லை. மெயில் பாஸ்வேர்டே மாறியிருந்தது. ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறான். நான் நம்புகிறேன். ஏனென்றால் அந்த ஆப்பின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தோம்: எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, அக்சஸிபிலிட்டி அனுமதி (திரையில் இருப்பதைப் படிக்க விடுவது). ஓடிபியை அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆப்பே படித்துக்கொள்ளும். 2021லிருந்து ராயல் பாஸ் (காசு கட்டி எடுக்கும் சீசன் பாஸ்) எடுத்து, கிளேசியர் எம்416 என்ற அபூர்வத் துப்பாக்கி ஸ்கின் வரை சேர்த்து வைத்திருந்த ஐடி அது. அன்று மாலையே மெசேஜ் வந்தது: “ஐடி வேணும்னா 3,000.” கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அடுத்து 5,000 கேட்டிருப்பார்கள்.

ஜீரோ பிங் பற்றியும் ஒரு வார்த்தை. ‘5 மில்லி செகண்ட் கேரண்டி’ என்று 199க்கு விற்பது ஒரு சாதாரண விபிஎன், அதாவது இன்டர்நெட்டை வேறு சர்வர் வழியாக அனுப்பும் ஆப். கண்ணாடி இழை கேபிளில் ஒளியே நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சர்வர் அங்கே இருந்தால் போய்வரவே 10 மில்லி செகண்ட் ஆகும், நடுவில் உள்ள ரௌட்டர்கள் எல்லாம் தனி. உங்கள் இன்டர்நெட் கம்பெனி சுற்றுவழியில் அனுப்பிக்கொண்டிருந்தால் விபிஎன்னால் எப்போதாவது கொஞ்சம் குறையலாம். மற்றபடி ஏறத்தான் செய்யும். எங்களுக்கு ஏறியது. வீட்டு வைஃபையை 2.4லிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதில் கிடைத்த பலன் அதைவிடப் பெரிது, செலவும் இல்லை. சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடாமல் இருந்தால் கடைசி ஜோன் இழுவையும் பாதி குறையும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் பண்ணுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. யுபிஐ ஆப்பில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். டெலிகிராம் சாட்டை அழிக்காதீர்கள். டெலிகிராமில் அவனே சாட்டை இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும், அதனால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்த ஏபிகேயை நீக்கிய பிறகு, வேறு ஒரு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத டிவைஸ்களை எல்லாம் லாக் அவுட் செய்யுங்கள். பாஸ்வேர்டை அதே போனில் மாற்றினால், அந்த ஆப் உள்ளே இருக்கும் வரை புதியதும் அவன் கைக்குப் போகலாம். கேமையும் முழுசாக நீக்கிவிட்டு பிளே ஸ்டோரிலிருந்து புதிதாகப் போடுங்கள்.

நான் புகார் கொடுத்ததில் 499 இன்னும் திரும்பவில்லை. மற்றவனுடைய ஐடிக்கு கேமுக்குள் இருக்கும் கஸ்டமர் சப்போர்ட்டில் எழுதியிருக்கிறோம், பழைய ராயல் பாஸ் வாங்கிய ரசீதுகளைக் கேட்டிருக்கிறார்கள். மெயிலே கையில் இல்லாததால் பேங்க் ஸ்டேட்மென்டில் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறான். நேற்று என் சித்தப்பா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி “அண்ணா, இது நம்பலாமா?” என்று கேட்டான். குழுவின் பெயர் புதுசு, வாய்ஸ் நோட்டில் அதே குரல், விலை மட்டும் 699 ஆகியிருக்கிறது.