எலிச் சோதனை என்ற பெயரில் இரண்டு லட்சம் போயிற்று: தீவனம் வாங்குபவர்கள் கவனிக்கவும்

கால்நடைத் தீவனத்தைப் பரிசோதித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் ஆய்வகத்திடம் இரண்டு லட்சம் பறிகொடுத்த ஆத்திரத்தில் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

வாங்கவிருந்த சோயா புண்ணாக்கின் புரதத் தரம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கும் கணக்குதான். யூரியா புரதமே இல்லை, ஆனால் அதில் நைட்ரஜன் உண்டு; 100 கிலோவில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தாலே கச்சாப் புரதச் சதவீதம் 2 புள்ளிக்கு மேல் கூடிவிடும். சோயாவைச் சரியாகச் சூடுபடுத்தாவிட்டால் புரதத்தைச் செரிக்கும் நொதியை முடக்கும் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் அதில் தங்கிச் செரிமானத்தைக் கெடுக்கும். அதிகம் சூடாக்கினால் லைசின் என்ற அவசியமான அமினோ அமிலம் வீணாகும். இதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. தின்று வளர்கிற உயிரில்தான் தெரியும். அதனால்தான் எலிகளை வைத்து 28 நாள் வளர்ச்சிச் சோதனை கேட்டேன்.

தொலைபேசியில் பேசியவரின் பேச்சில் குறையே இல்லை. "இயந்திரத்தை ஏமாற்றலாம் சார், எலியை ஏமாற்ற முடியாது" என்றார். 10 சதவீதப் புரதமுள்ள உணவு, ஒப்பிடக் கேசீன் என்ற பால் புரதம் தின்னும் குழு, புரதமே இல்லாத உணவு தின்னும் இன்னொரு குழு என்று நான் கேட்கும் முன்பே அடுக்கினார். எண் ஒட்டிய கூண்டுகளின் படங்களும் வந்தன. இவ்வளவு விவரம் தெரிந்தவரை யார் சந்தேகிப்பார்கள்? இரண்டு லட்சத்தையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

28 நாள் சோதனைக்கு, பாதி மாதம் ஆவதற்குள் அறிக்கை வந்துவிட்டது! பிரித்துப் பார்த்தால், எலிகள் தின்ற தீவனத்தின் அளவை எழுத வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலி. கூடிய எடையைத் தின்ற புரதத்தால் வகுத்தால் வருவதுதான் புரதத் திறன் விகிதம். தின்றதே தெரியாதபோது 2.5 என்ற விடை எங்கிருந்து குதித்தது? கேசீனுக்கு வழக்கமாகச் சொல்லும் எண் அது. அந்தக் கேசீன் குழுவையோ அட்டவணையில் காணவே காணோம்.

கேட்டால், விஞ்ஞானி விடுப்பில் இருக்கிறாராம். மறுபடி கேட்டால் கணினிக் கோளாறாம். கடைசியில், "கச்சாப் புரதம் 46 சதவீதம் வந்திருக்கிறதே சார், அது போதாதா?" என்றார்கள். அது போதுமென்றால் இரண்டு லட்சம் எதற்கு? இப்போது அழைப்பையே எடுப்பதில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வசவுதான் வருகிறது. அவசரத்துக்கு இவை மட்டும்: கூண்டுவாரியாக எடை, வைத்த தீவனம், மீந்தது, சிந்தியது எல்லாம் குறித்த மூலத்தாளைக் கேளுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத அறிக்கையை ஏற்காதீர்கள். மாதிரியில் பாதியை முத்திரையிட்டு உங்களிடமே வைத்திருங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், ரசீதோடு. என் இரண்டு லட்சத்துக்கு ரசீதுகூட இன்னும் வரவில்லை.