ஜட்டி ஹீரோவா, புரூக்ளின் ஸ்பைடர்மேனா?

சும்மா படிக்கவோ, பள்ளிக்கு விமர்சனம் எழுதவோ பிள்ளைக்கு சூப்பர்ஹீரோ நாவல் வாங்கலாம், சரி. டேவ் பில்கியின் ‘கேப்டன் அண்டர்பேண்ட்ஸ்’ (1997) நல்லதா, ஜேசன் ரெனால்ட்ஸின் ‘மைல்ஸ் மொராலஸ்: ஸ்பைடர்மேன்’ (2017) நல்லதா?

வயது: கேப்டனுக்கு ஏழெட்டு போதும். மைல்ஸைப் படிக்கக் குறைந்தது பன்னிரண்டு வயது ஆக வேண்டும்.

வாசிப்பு: கேப்டனில் எங்கு பார்த்தாலும் படம். சண்டை வந்தால் தாளை விறுவிறுவென்று முன்னும் பின்னும் புரட்ட, படம் அசையும். (முதலில் கிழிவதும் அந்தத் தாள்தான்.) மைல்ஸ் முழுக்க எழுத்து.

கதை: கேப்டனில் இரண்டு வாலுப் பையன்கள் தலைமை ஆசிரியரையே வசியம் செய்கிறார்கள். விரலைச் சொடுக்கினால் அவர் ஜட்டியோடு ஹீரோ. தலையில் தண்ணீர் விழுந்தால் பழைய சிடுமூஞ்சி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளரும் மைல்ஸின் வரலாற்று ஆசிரியரோ அடிமை முறைக்கே பரிந்து பேசுகிறவர். கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கத் தாய்க்கும் பிறந்த மைல்ஸ் அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வில்லனோடு மோதுவதைவிட அதுதான் கஷ்டம்.

விமர்சனம் எழுத: கேப்டனுக்கு “செம காமெடி” என்பதோடு பேனா நின்றுவிடும். மைல்ஸ் ஏன் அப்போதே எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்டாலே ஒரு பக்கம் தேறும்.

புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைக்குக் கேப்டன். பள்ளிக்கு விமர்சனம் எழுத மைல்ஸ். ஆனால் அடிதடிக்காகவே படிக்கிறவனுக்கு அதன் முதல் பாதி இழுவைதான்.