செயலி சொன்ன கோர்ட்டும் பேஸ் சொன்ன கோர்ட்டும்

திருகோணமலையில் ஒரு சின்ன இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். கலியாண வீடு, கோயில் திருவிழா, மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்கள். வெள்ளைக்காரர் கேட்கும் பாட்டு வேறு, மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பாட்டு வேறு. இரண்டும் பெரும்பாலும் முதல் நாள் இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அதனால்தான் பாட்டை ஏற்றினால் கோர்ட், அதாவது சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஸ்வரக்கூட்டு (chord), காட்டும் ஒரு செயலிக்குக் காசு கட்டினேன். பாவிக்கத் தொடங்கி ஆறு வருடம்.

பைலா என்ற எங்கள் ஆட்டப் பாட்டுக்கு அது தாராளமாகப் போதும். மூன்று நாலு கோர்ட்டில் முடிகிற எந்தப் பாட்டுக்கும் பத்து நிமிடத்தில் வேலை முடியும். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சிக்கல் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில். அங்கே கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார் ஒரு இடத்தில் நிற்காது. ஒரு பாட்டின் சரணத்தில் செயலி நாலு அடிக்கும் சி மேஜர் என்றே காட்டியது. வாசித்தால் பிழை என்றும் சொல்ல முடியாது, ஆனால் உப்பில்லாத சொதி மாதிரி இருந்தது. பேஸை மட்டும் பிரித்துக் கேட்டபோதுதான் விளங்கியது: சி, பி, ஏ, ஜி (C, B, A, G) என்று அடிக்கு ஒரு படியாக இறங்குகிறது. அப்படியென்றால் இரண்டாம் அடிக்கு பேஸில் பியைக் கீழே வைத்த ஜி கோர்ட், மூன்றாம் அடிக்கு ஏ மைனர், நாலாவதுக்கு ஜியைக் கீழே வைத்த சி. வாசித்துக் காட்டியதும் எங்கள் கீபோர்ட்காரர், “இதுதானடா தம்பி பாட்டு” என்றார்.

இந்த மாதிரிச் செயலிகள் பெரும்பாலும் ஒலிக்கிற ஸ்வரங்களைப் பன்னிரண்டு பெட்டிகளில் அள்ளிப் போட்டு, எந்தப் பெட்டி நிறைந்திருக்கிறது என்று பார்க்கின்றன. கீழே நிற்பது எது என்பதில் கோட்டை விடுகின்றன. ஏ மைனர் செவனிலும் சி சிக்ஸிலும் இருப்பது அதே ஏ, சி, ஈ, ஜி தான். பேஸ் எதில் நிற்கிறதோ அதுதான் பெயர். பக்திப் பாட்டில் இன்னொரு கூத்து. சுருதிப் பெட்டி ஸ, ப என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் கொடுக்கும். மேஜரா மைனரா என்று சொல்ல வேண்டிய காந்தாரம் அதில் இல்லை. செயலி வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

ஆட்கள் எழுதிப் போடும் கோர்ட் தளங்களையும் பார்த்தாயிற்று. ஒருவர் விட்ட பிழை ஐந்து தளத்தில் அப்படியே இருக்கும். கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) நாலாம் கட்டையில் போட்டுப் பிடித்த ஏ மைனரை வெறும் ஏ மைனர் என்று போட்டிருப்பார்கள். உண்மையில் ஒலிப்பது சி ஷார்ப் மைனர்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது பாட்டைப் பிரிக்கும் மென்பொருள்தான். இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் டீசர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டரை இலவசமாக வெளியிட்டது. குரல், டிரம்ஸ், பேஸ், மிச்சம் என்று நாலாகப் பிரித்துத் தரும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பேஸைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிற்றாரின் கீழ் ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதை எழுப்பாது. நான் ஹெட்செட் போட்டு, பேஸை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக் கேட்பேன். முதலில் பேஸை எழுதுவேன். மேலே என்ன பிடிப்பது என்பது அப்புறம்.

பேக்கிங் ட்ராக் (பாடுகிறவருக்குப் பின்னால் ஓடவிடும் பதிவு செய்த பின்னணி இசை) விஷயத்தில் பட்டது தனிக்கதை. ஒரு கலியாணத்துக்கு இணையத்தில் எடுத்த ட்ராக். வீட்டில் கோர்ட் மட்டும் சரிபார்த்தேன், கூட வாசித்துப் பார்க்கவில்லை. மேடையில் முதல் கோர்ட் பிடித்ததுமே பல் கூசியது. ஏயும் இல்லை, பி ஃபிளாட்டும் இல்லை, நடுவில் நிற்கிறது. பாடிய அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வால்யூமைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்த ட்ராக் போல. நாடா 3 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைச் சுரத்தில் பாதி ஏறிவிடும். கிற்றாரை அதற்கு இழுப்பதைவிட, ஒடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ட்ராக்கின் வேகத்தை அந்த 3 சதவீதம் குறைப்பது சுலபம். இப்போது எந்த ட்ராக் வந்தாலும் முதல் வேலை டியூனரோடு ஒத்துப் பார்ப்பதுதான்.

2022இல் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போன நாட்களில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். முதலில் பேஸ், அதற்கு மேலே கோர்ட், ஓரத்தில் பாடுகிறவரின் சுருதி. செயலிக்கு இன்னும் காசு கட்டுகிறேன், பைலாவுக்காக. கொப்பியைத்தான் கீபோர்ட்காரர் இரவல் கேட்கிறார். போன தடவை கொடுத்தது இன்னும் திரும்பி வரவில்லை.